பிணந்தின்னும் உயிர்களும் ‘பிணந்தின்னி’ என்னும் வசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஊர்ப்புறத்தில் ஒரு மாடு செத்து விழுந்தால், பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் வானில் வட்டமிட்டு இறங்குவதை எவரும் காண முடிந்தது. இன்றைய இளைஞர்களில் பெரும்பாலோர் பாறு ஒன்றை நேரில் கண்டதில்லை. ஆனால் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்ற வசையை அனைவரும் அறிவார்கள். பறவை அருகிப்போய் வசை மட்டும் நிலைத்துவிட்ட இந்தச் சூழலில், இறந்த உடல்களை உண்டு வாழும் உயிர்களைப் பற்றியும் அவற்றின் பெயரால் மனிதர்களை ஏசும் வழக்கத்தைப் பற்றியும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

காட்டில் ஒரு பெரிய விலங்கு இறந்தபின் அதன் உடலுக்கு என்ன நேர்கிறது?

உயிர் பிரிந்த சிறிது நேரத்திலேயே மாற்றம் தொடங்கிவிடுகிறது. உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காமற்போவதால் அவற்றுள் இருக்கும் நொதிகள் அவற்றையே கரைக்கின்றன. உயிரோடு இருந்தவரை குடலுக்குள் அடங்கியிருந்த பாக்டீரியாக்கள் தடையின்றிப் பெருகி உடல் முழுவதும் பரவுகின்றன. அவை திசுக்களைச் சிதைக்கும்போது உண்டாகும் வாயுக்களால் வயிறு உப்புகிறது. பிண நாற்றம் என்று நாம் அறிவது கந்தகச் சேர்மங்களும், புட்ரசீன், கடாவரின் என்னும் அமீன்களும், வேறு பல பொருள்களும் கலந்து எழும் வாடையாகும். மனிதருக்குக் குமட்டலைத் தரும் அதே வாடை, பச்சையாகவும் நீலமாகவும் மின்னும் ஊன் ஈக்களை வெகுதொலைவிலிருந்து ஈர்க்கிறது. அவை கண், வாய், காயம் போன்ற ஈரமான இடங்களில் முட்டையிடுகின்றன. வெப்பமான நாடுகளில் ஒரு நாளுக்குள்ளாகவே புழுக்கள் வெளிப்பட்டுத் தசையை உண்ணத் தொடங்குகின்றன. கடைசியாக, காய்ந்த தோலையும் தசைநாரையும் தின்னும் வண்டுகள் வருகின்றன.

இந்த வரிசை ஈக்களும் நுண்ணுயிர்களும் மட்டுமே இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். பாறுகள் இருக்கும் காட்டில் கதை வேறு. பெருங்கூட்டமாக இறங்கும் பாறுகள் ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே எலும்புக்கூடாக ஆக்கிவிடக்கூடியவை. உடல் அழுகி நாறுவதற்கு அவை நேரமே கொடுப்பதில்லை. அவற்றிடையே ஒரு வேலைப்பங்கீடும் உண்டு. வலுவான அலகுடைய செம்முகப் பாறு தடித்த தோலைக் கிழிக்க வல்லது. நீண்ட கழுத்துடைய வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் உடலுக்குள் தலையை நுழைத்து மென்மையான உட்பகுதிகளை உண்கின்றன. உருவில் சிறிய மஞ்சள்முகப் பாறு சிதறிய துணுக்குகளைப் பொறுக்குகிறது. இமயத்தில் வாழும் தாடிப் பாறு இன்னும் ஒரு படி மேலே சென்று, எலும்பையே முதன்மை உணவாகக் கொண்டு, பெரிய எலும்புகளை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்து விழுங்குகிறது. உண்ணப்படாமல் எஞ்சுவது மண்ணில் ஊறுகிறது. யானை போன்ற பேருடல் கிடந்த இடத்தில் முதலில் புல் கருகினாலும், பின்னர் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்ந்து சுற்றுப்புறத்தைவிடச் செழிப்பாகச் செடிகள் முளைக்கும்.

நஞ்சாக மாறிய இறைச்சியைத் தின்றும் பாறுகள் ஏன் நோயுறுவதில்லை?

அவற்றின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. விழுங்கப்படும் கிருமிகளில் பெரும்பகுதி அதைத் தாண்டிப் பிழைப்பதில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பாறுகளின் குடலை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, பிற விலங்குகளுக்கு நோய் தரக்கூடிய கிளாஸ்ட்ரிடியா, பியூசோபாக்டீரியா ஆகிய இரு பிரிவு நுண்ணுயிர்கள் அவற்றின் குடலில் பெருமளவில் வாழ்வதைக் காட்டியது. முகத்தில் எண்ணற்ற வகை நுண்ணுயிர்கள் இருக்க, குடலில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. தலையிலும் கழுத்திலும் இறகு குறைந்திருப்பது குருதி ஒட்டாமலிருக்க உதவுகிறது என்பது நெடுநாளைய விளக்கம். உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்வதிலும் அதற்குப் பங்குண்டு என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன.

பாறுகள் இறந்த உடலை மோப்பத்தால் கண்டுபிடிக்கின்றனவா?

நம் நாட்டுப் பாறுகள் பார்வையையே நம்புகின்றன. வெப்பக்காற்றில் இறக்கையை அசைக்காமல் மிதந்தபடி பரந்த நிலப்பரப்பைக் கண்காணிக்கும் அவை, தரையை மட்டுமல்லாமல் ஒன்றையொன்றும் கவனித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பாறு இறங்குவதைக் கண்ட அடுத்த பாறு அத்திசையில் திரும்புகிறது. அதைக் கண்டு மற்றொன்று திரும்புகிறது. பல கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த பறவைகள் சிறிது நேரத்தில் ஓரிடத்தில் கூடுவது இப்படித்தான். எண்ணிக்கை குறைந்துபோனால் இந்தச் செய்தித்தொடர் அறுந்து, எஞ்சியிருக்கும் பறவைகளுக்கு உணவு தேடுவது கடினமாகிவிடும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மோப்பத்தால் தேடும் பாறுகள் அமெரிக்கக் கண்டத்தில் உண்டு. அங்குள்ள வான்கோழிப் பாறு அடர்ந்த காட்டின் இலைக்கூரைக்குக் கீழே கிடக்கும் சிறு உடலைக்கூட வாடையால் அறிந்துகொள்கிறது.

இறந்த உடலை உண்பவை பாறுகள் மட்டும்தானா?

அல்ல. கழுதைப்புலி, நரி, காட்டுப்பன்றி, காகம், பருந்து, உடும்பு, நண்டு என்று பட்டியல் நீளும். வேட்டையாடுவதற்கென்றே பிறந்ததாக நாம் கருதும் புலியும் சிறுத்தையும்கூடத் தாம் கொல்லாத உடல் கிடைத்தால் உண்ணும். கடலடியில் விழும் திமிங்கிலத்தின் உடல் பல ஆண்டுகளுக்கு ஒரு தனி உயிர்ச்சமூகத்தையே தாங்குகிறது. அதன் எலும்பைத் துளைத்து உண்ணும், வாயும் குடலும் இல்லாத ஒருவகைப் புழு 2004-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. ஆனால் முதுகெலும்புடைய நிலவாழ் விலங்குகளில், ஏறக்குறைய முழுவதுமாக இறந்த உடல்களையே நம்பி வாழ்பவை பாறுகள் மட்டுமே.

சில பூக்கள் பிண நாற்றம் வீசுவது ஏன்?

தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் நம்பாமல், பிணத்தை நாடும் ஈக்களையும் வண்டுகளையும் கொண்டு மகரந்தச் சேர்க்கை நடத்தும் செடிகள் அவை. இந்தோனேசியக் காடுகளின் ரஃப்லீசியா உலகப் புகழ் பெற்றது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை: நம் தோட்டத்துச் சேனைக்கிழங்கை அகழாமல் விட்டுவைத்தால், கருஞ்சிவப்பு நிறத்தில் தரையிலிருந்து கிளம்பும் அதன் பூ ஓரிரு நாள்கள் இதே வாடையைப் பரப்பும்.

இந்தியாவில் பாறுகள் எப்படி மறைந்தன?

1980-களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. இறந்த மாடுகளை ஊருக்கு வெளியே போடும் வழக்கமே அத்தனை பறவைகளையும் வாழவைத்தது. 1990-களில் ராஜஸ்தானின் பரத்பூரில் அவை எண்ணிக்கையில் சரிவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பதிவுசெய்தபோது, தொற்றுநோயாக இருக்கலாம் என்றே முதலில் ஐயுற்றனர். கழுத்து தொங்க மரக்கிளையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவைகள் பின்னர் விழுந்து இறந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே எஞ்சின. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய இனமும் நூற்றுக்கு 97 என்ற அளவில் அழிந்தன.

காரணம் 2004-இல் வெளிப்பட்டது. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, மாடுகளுக்கு வலிநீக்கியாகச் செலுத்தப்படும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்தே கொலையாளி என்று நிறுவியது. 1990-களில் மலிவாகி ஊரெங்கும் பரவிய இந்த மருந்து, செலுத்தப்பட்ட சில நாள்களுக்குள் மாடு இறந்தால் அதன் உடலில் தங்கியிருக்கும். அதை உண்ட பாறின் சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற முடியாத யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. ஒரே உடலைப் பல பத்துப் பறவைகள் ஒன்றுகூடி உண்பதால், நாட்டிலுள்ள இறந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்தப் பேரழிவு நிகழப் போதுமானது என்று கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிட்டு, முதிர்ச்சி அடைய ஐந்தாண்டு அளவில் எடுத்துக்கொள்ளும் பறவைக்கு இத்தகைய இழப்பை ஈடுசெய்யும் வழியே இல்லை.

மருந்துதான் தடை செய்யப்பட்டுவிட்டதே, இன்னும் என்ன சிக்கல்?

கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் 2006-இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கென்று விற்கப்பட்ட பெரிய புட்டிகள் மாட்டுக்கும் பயன்படுத்தப்பட்டன. எனவே 2015-இல், மனிதருக்கான ஊசிமருந்து ஒரு முறைக்குரிய 3 மில்லிலிட்டர் அளவில் மட்டுமே அடைக்கப்பட வேண்டும் என்று மைய அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அந்த ஆணையை உறுதிசெய்தது. பாறுகளுக்கு இதே போன்று தீங்கு விளைவிக்கும் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2023-இல்தான் தடைசெய்யப்பட்டது. ஒரு மருந்துக்குத் தடை வந்தால் அதன் இடத்தில் இன்னொன்று நுழைகிறது. புதிய வலிநீக்கி ஒவ்வொன்றையும் கால்நடைச் சந்தைக்கு விடும் முன்பே பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிப்பதைக் கட்டாயமாக்காதவரை இந்தத் துரத்தல் முடியாது என்றே நான் கருதுகிறேன்.

மருந்தைத் தவிர நஞ்சும் உண்டு. தம் மாட்டைப் புலி அடித்துவிட்ட ஆத்திரத்தில் சிலர் அந்த உடலில் பூச்சிக்கொல்லியைத் தடவுகின்றனர். 2023-இல் நீலகிரியில் இரண்டு புலிகள் இவ்வாறு இறந்தன. அத்தகைய உடல்மேல் இறங்கும் பாறுகளும் தப்புவதில்லை.

தமிழ்நாட்டில் பாறுகளை இன்று எங்கே காணலாம்?

மாயாறு பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும், சீகூர் பீடபூமியிலும் காணலாம். நீலகிரிக்கு வடக்கே ஓடிப் பவானிசாகரில் சேரும் மாயாற்றின் கரையிலுள்ள உயர்ந்த நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறுகள் செங்குத்தான பாறை முகடுகளை நாடுகின்றன. செம்முகப் பாறும் மஞ்சள்முகப் பாறும் இதே நிலப்பரப்பில் உண்டு. அண்டையிலுள்ள பந்திப்பூர், வயநாடு காடுகளையும் சேர்த்தால் தென்னிந்தியாவின் முதன்மையான பாறுப் புகலிடம் இதுவே. ஆனால் எல்லா இனங்களையும் கூட்டினாலும் எண்ணிக்கை சில நூறுகளைத் தாண்டாது. ஒரே ஒரு நஞ்சு தடவிய உடல் இந்தக் கூட்டத்தில் கணிசமான பகுதியை ஒரு பிற்பகலில் அழித்துவிடக் கூடும்.

பாறுகள் குறைந்ததால் மனிதருக்கு என்ன இழப்பு?

உண்பதற்குப் பாறு இல்லாத இடத்தில் உடல்கள் அழுகின; தெருநாய்களும் எலிகளும் அவற்றை உண்டு பெருகின. நாய்கள் பாறுகளைப்போல் உடலை முழுமையாகத் தீர்ப்பதில்லை. வெறிநோயைப் பரப்பவும் செய்கின்றன. 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று, பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அல்லாதவற்றையும் ஒப்பிட்டு, பாறுகளின் மறைவால் 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்று மதிப்பிட்டது. இது நேரடியாக எண்ணிய கணக்கன்று, புள்ளியியல் மதிப்பீடே. இருந்தாலும், அசுத்தமான பறவை என்று ஒதுக்கிவைத்த ஓர் உயிர் எத்தனை வீடுகளைக் காத்து வந்தது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

‘பிணந்தின்னி’ என்பது தமிழில் வசையானது எப்படி?

பிறர் துன்பத்தில் ஆதாயம் தேடுபவரைச் சுட்டவே இச்சொல் இன்று பயன்படுகிறது. வெள்ளக் காலத்தில் குடிநீரைப் பல மடங்கு விலைக்கு விற்பவர், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் உருளையைப் பதுக்கியவர், விபத்தில் இறந்தவரின் குடும்பத்திடம் கையூட்டு கேட்பவர் ஆகியோரை மக்கள் இப்படித்தான் ஏசுகின்றனர். மேடைப்பேச்சிலோ, ஒரு சாவை வைத்து அரசியல் நடத்துவதாக எதிர்க்கட்சியைக் குற்றஞ்சாட்ட இது எளிதில் கைக்கு வரும் சொல்லாகிவிட்டது.

பிணத்தை உவமையாக்கும் மரபு மிகப் பழையது. பொருளுக்காக மட்டுமே தழுவுபவரின் முயக்கத்தை, இருட்டறையில் முன்பின் அறியாத பிணத்தைத் தழுவியதற்கு ஒப்பிடுகிறது ஒரு குறள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கின்றன. அங்கே பிணம் அருவருப்புக்கு உரியதாக இல்லாமல், வென்ற மன்னனின் வீரத்துக்கு அளவுகோலாகிறது. பாரதியின் பாஞ்சாலி, சாத்திரம் பேசும் பீஷ்மரை நோக்கி, “பேயரசு செய்தால் பிணந்தின்னும் சாத்திரங்கள்” என்கிறாள். இந்த உருவகத்தை இதைவிடக் கூர்மையாகக் கையாண்ட இடத்தை நான் அறியேன். ஏனெனில் அவள் ஒரு மனிதரை ஏசவில்லை, அநீதிக்குத் துணைபோகும் ஒரு நூலறிவு முழுவதையும் ஏசுகிறாள்.

இந்த உருவகம் பொருத்தமானதுதானா?

உண்மைப் பறவையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பொருத்தம் குறைவு. பாறு பொதுவாகக் கொல்வதில்லை. சாவு நேர்ந்த பிறகே வருகிறது. தான் உண்ட இடத்தில் நோய் பரவாமல் தடுத்துவிட்டுப் போகிறது. நாம் பிணந்தின்னி என்று ஏசும் மனிதரோ பெரும்பாலும் சாவுக்காகக் காத்திருப்பதில்லை. அவர் பதுக்குவதாலேயே நோயாளி இறக்கிறார். அவர் விட்டுச்செல்லும் இடம் முன்னைவிட மோசமாகிறது. இரண்டு செயல்களும் நேர் எதிரானவை.

உலக நிதிச் சந்தையிலும் இதே உருவகம் வழங்குகிறது. திவாலான நாடுகளின் கடன்பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பின்னர் முழுத்தொகையும் கேட்டு வழக்குத் தொடுக்கும் நிறுவனங்களைக் ‘கழுகு நிதியங்கள்’ என்கின்றனர். 2001-இல் கடனைத் திருப்பித் தர முடியாமல்போன அர்ஜென்டினாவிடம் அப்படிக் கேட்ட ஒரு நிதியம், 2012-இல் அந்நாட்டுக் கடற்படையின் பயிற்சிக் கப்பலையே கானா நாட்டுத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தவைத்தது. அர்ஜென்டினா இன்னும் உயிரோடிருந்த நாடு என்பதே இங்கு உருவகம் பிழைபடும் இடம்.

செத்த மாடு தூக்குவதும் சாதியும் இதில் எங்கே வருகின்றன?

இதைப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க முடியாது. இறந்த கால்நடைகளை அகற்றும் வேலை இந்தியா முழுவதும் தலித் மக்கள்மீது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டது. அதைச் செய்ததற்காகவே அவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கவும் பட்டார்கள். வறுமையால் இறந்த மாட்டின் இறைச்சியை உண்ண நேர்ந்தவர்களை அந்த உணவின் பெயராலேயே இழிவுசெய்தார்கள். 1927-இல் மகாராட்டிரத்தின் மகாடில் நடந்த மாநாட்டில், செத்த விலங்கின் இறைச்சியை உண்பதைக் கைவிடும்படி அம்பேத்கர் தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். 2016-இல் குஜராத்தின் உனாவில் இறந்த பசுவின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்துத் தாக்கப்பட்டபோது, அம்மாநிலத்துத் தலித் மக்கள் இனி மாட்டுடல்களைத் தூக்குவதில்லை என்று மறுத்துப் போராடினர். ஆகவே பிணத்தோடு தொடர்புபடுத்தி ஒருவரை ஏசும் சொற்களுக்குப் பின்னால் இந்த வரலாறும் நிற்கிறது. அரசியல் எதிரியைத் திட்டுவதற்கு அவற்றை எடுப்பவர்கள், அச்சொல் வேறு யாரைக் காயப்படுத்தும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாறுகளைப் போற்றிய மரபு நம்மிடம் இல்லையா?

உண்டு. சீதையைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் மகனாக நின்று ஈமக்கடன் செய்கிறான். கடல் கடந்த இலங்கையில் சீதை இருப்பதைத் தன் கண்ணால் கண்டு சொல்பவன் சடாயுவின் அண்ணன் சம்பாதி. தொலைதூரப் பார்வையே இப்பறவையின் பெருந்திறன் என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து உணவு பெற்றுச் சென்ற மஞ்சள்முகப் பாறு இணையைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் தொழுதனர். 1990-களுக்குப் பின் அவை வருவதில்லை. மும்பைப் பார்சிகள் தம் இறந்தோரைப் பாறுகளுக்கே அளித்து வந்தனர். பறவைகள் மறைந்தபின் அவர்கள் உடல்களை உலர்த்துவதற்காகச் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நிறுவ வேண்டியதாயிற்று.

இறந்த விலங்கின் உடலைப் புதைத்துவிடுவதே நல்லதல்லவா?

எப்போதும் அல்ல. காட்டில் இயற்கையாக இறந்த விலங்கைப் புதைப்பதும் எரிப்பதும் பாறுகளின் உணவைப் பறிப்பதாகும். எனவே உடற்கூறாய்வு முடிந்தபின், தொற்றுநோய் ஐயம் இல்லாத உடல்களைக் காட்டிலேயே விட்டுவிடும்படி பாறு ஆர்வலர்கள் வலியுறுத்துகின்றனர். ஆனால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயால் இறந்ததாக ஐயம் இருந்தால், உடலைக் கீறவோ திறந்து போடவோ கூடாது. உடல் திறந்து காற்றுப் படும்போது அந்நோயின் கிருமி வித்துகளாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் தங்கிவிடும். அத்தகைய உடலை எரிக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

மாடு வளர்ப்பவர்கள் என்ன செய்யலாம்?

மாட்டுக்கு வலியோ காய்ச்சலோ வந்தால், பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதித்தறியப்பட்ட மெலாக்சிகம் அல்லது டோல்ஃபெனமிக் அமிலத்தைத் தரும்படி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வலிநீக்கி ஊசியை வாங்கிப் போடாதீர்கள். வேறு வலிநீக்கி செலுத்தப்பட்ட மாடு அடுத்த சில நாள்களில் இறந்துவிட்டால், அதைத் திறந்தவெளியில் போடாமல் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். காட்டோர ஊர்களில் புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், உடலைத் தொடாமல் உடனே வனத்துறைக்குத் தெரிவித்து இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அந்த உடலில் பூச்சிமருந்து தெளிக்க நினைக்கும் அண்டை வீட்டாருக்கு, அது புலியோடு நிற்காது என்பதையும், பாறுகளைக் கொல்வது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.